ஏழாவது துளை

பிப்ரவரி. ஏரி இன்னும் இறுகிக் கிடந்தது.
மரக்கிடங்குக்குப் பின்னால் எங்கள் கிளப்பில்
பிர்ச் விறகு சடசடக்க
உர்ஹோ பெட்டியைத் திறந்தார்.
முதலில் வந்தது எண்ணெய் வாசம்.
பிறகு அது:
ஆறங்குலக் குழல், அதன்மேல் தட்டையான விலா,
யாருடைய உள்ளங்கையையும் இன்னும் அறியாத
வால்நட் பிடி.

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல்
உருளையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள்.
ஆறு அறையும் காலி.
கை மாறும்போதெல்லாம் மறுபடியும் பார்த்தார்கள்,
காலி.

"ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி மினுக்குகிறது" என்றாள் ஸிர்க்கா.
கருநீலமாக இல்லாத எதுவும்
அவளுக்கு ரிவால்வர் இல்லை.
"மூக்குக் கனம்" என்றார் கலெர்வோ.
"மூக்குக் கனத்தால்தான் கை ஆடாது" என்றான் தூரே.
"உன் கை, கல்லைக் கட்டினாலும் ஆடும்."

விசையின் இழுவை எவ்வளவு என்று பேச்சு வந்தது.
நிறுக்கும் கருவியை யாரோ இரவல் கொண்டுபோய்
இரண்டு வருடம்.
மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தார்கள்.
ஒரு கிலோ நானூறு.
"வறுத்தால் இரண்டு பேருக்குக் காணும்" என்றாள் ஸிர்க்கா.
விலையைக் கேட்டபோது
அடுப்பு மட்டும் பேசியது.

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
பூட்ஸில் பனியோடு வந்தாள் ஹில்க்கா.
நன்று என்றோ தீது என்றோ சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி
"சுடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இருபத்தைந்து மீட்டர்.
அவளுக்கு மூன்றாம் தடம், எனக்கு நான்காம் தடம்.
என்னுடையது பழசு; உறை உரசி உரசி
முனை வெளுத்தது.
காது மூடி மாட்டினால்
உலகம் தண்ணீருக்கடியில் போய்விடும்;
அவளுடைய வெடியெல்லாம்
என் விலாவில்தான் கேட்டது.
மூன்று சுட்டபின் விரல்களை ஊதிக்கொண்டாள்.
மறுபடி கை எழுந்தது.

தாள்களைக் கொண்டுவந்தோம்.
அவளுடையதில் ஐந்து துளை,
காப்பிக் கோப்பையின் அடியால் மூடிவிடலாம்.
ஆறாவது?

"ஒரே துளைக்குள் இரண்டு!" என்றார் கலெர்வோ,
மூக்குக் கனம் என்ற அதே கலெர்வோ.
பூதக்கண்ணாடி வந்தது.
துளையின் ஓரம் சற்றே பிய்ந்திருப்பதாக
ஸிர்க்காவுக்கும் தெரிந்தது.
தெரிய வேண்டுமென்றால் தெரியும்.
தூரே தன் பழைய துப்பாக்கியை
அப்போதே விலை பேசத் தொடங்கினான்.

நான் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு குண்டு போட்டிருந்தேன்.
ஏழு துளை.
ஆறும் என் கையெழுத்து: இடப்பக்கம் சரிந்து
ஏழிலும் எட்டிலும் அலைந்தவை.
ஏழாவது
பத்துக்கும் பத்தான நடுவில், ஊசி குத்தியதுபோல்.
பதினேழு வருடத்தில் என் கை போகாத இடம்.

சொல்லியிருக்கலாம்.
வாய் திறக்கவும் செய்தேன்.
ஆனால் உர்ஹோ சிரித்துக்கொண்டிருந்தார்,
நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக.
கறுப்பு ஒட்டுத்தாள் ஒன்றை நாக்கில் தொட்டு
நடுவில் ஒட்டினேன்.
பசை கசந்தது.

துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பித் தந்து
"நல்லதுதான், என் கைக்கு இல்லை" என்றாள் ஹில்க்கா.
போகிறபோது என் தாளைப் பார்த்தாளா,
என்னையா, தெரியவில்லை.

கோடை நடுநாளுக்குள் கிளப்பில்
அதே ரிவால்வர் நான்கு.
பின்குறித் திருகை வலத்துக்கு ஒரு சொடுக்கு,
இடத்துக்கு ஒரு சொடுக்கு.
இரண்டு குண்டு ஒரே துளையில்
இதுவரை யாருக்கும் போகவில்லை.
தோட்டா சரியில்லை என்கிறார் கலெர்வோ.

என் அலமாரியில் அந்தத் தாள் இருக்கிறது.
ஒட்டு காய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு.
என் பெயர் எழுதிய தாள்களில்
நடுப்புள்ளி விழுந்தது அது ஒன்றில்தான்.
சில ராத்திரி
அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.
ஒட்டையும் மீறி
கொஞ்சம் வெளிச்சம் வருகிறது.